இரண்டு முறை ஒட்டிய செசி

2024 பெப்ரவரி 13, செவ்வாய்

இன்றைக்கு என் கராஜுக்கு மூன்று வண்டிகள். ஒரு த்ரீவீலுக்குக் கிளட்ச் கம்பி, பாண் வேனுக்கு பிரேக், பின்னேரம் மாப்பிள்ளை ஓட்டிக்கொண்டு வந்த டபுள் கெப் பிக்கப்.

மாப்பிள்ளை என்றால் தங்கை நாகலெட்சுமியின் புருஷன் கணேசமூர்த்தி. உடப்புசல்லாவைப் பக்கம் நல்லமுத்து முதலாளி நடத்துகிற உல்லாசப் பயணிகள் முகாமில் இரண்டு வருஷமாக டிரைவர். அங்கே படுக்கை, குசினி, கக்கூசு எல்லாம் உள்ளேயே வைத்த ஒரு வீட்டு டிரெய்லர் இருக்கிறது. வெள்ளைக்காரர்களைக் கெப்பில் ஏற்றி, டிரெய்லரைப் பின்னால் கொளுவி, நுவரெலியா, அட்டன், கித்துல்கல என்று இழுத்துக்கொண்டு திரிவதுதான் அவர் வேலை.

"மச்சான், பள்ளத்துல எறங்குறப்ப பின்னுக்கு என்னமோ கிறுக்கு கிறுக்குங்குது. ஒருக்கா பாருங்க."

அடியில் படுத்துப் பார்த்தேன். வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான செசியின் இடது பக்க அடிவிளிம்பில், பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடத்தைத் தாண்டி, மயிர் விழுந்தது போல ஒரு கோடு. துணியால் துடைத்தேன். மயிர் என்றால் போயிருக்கும். போகவில்லை.

டிரெய்லர் கொளுவ புதுசாக ஒரு கொக்கி பூட்டியிருக்கிறார்கள். முதலாளியின் மச்சினன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியதாம். சாதாரணக் கொக்கியில் டிரெய்லரின் மூக்கு வண்டியின் வாலை அழுத்தும். வால் தாழும், முன்பக்கம் தூக்கும். இதில் இரண்டு பக்கமும் கை நீளத்துக்கு இரண்டு உருக்குச் சட்டங்கள். அவற்றைச் சங்கிலி போட்டு டிரெய்லரோடு இறுக்கினால் வால் நிமிர்ந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். பாரம் முன்சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் பிரிந்து போகும். ஆனால் அந்தப் பாரத்தைக் கடத்திவிடுவது எது? நடுவில் கிடக்கிற செசிதான். இழுத்து இறுக்க இறுக்க அதுதான் வளைகிறது.

வால் தாழவில்லை என்பதால் பாரமே இல்லை என்று நினைத்துவிட்டார்கள். தண்ணீர்த் தாங்கி, ஜெனரேட்டர், கதிரைகள் எல்லாம் டிரெய்லருக்குள். கொக்கியைப் பூட்ட யாரோ செசியில் காஸ் நெருப்பால் ஓட்டை போட்டிருக்கிறான். எலி கடித்தது மாதிரி ஓரம். வெடிப்பு அங்கேயிருந்துதான் கிளம்பியிருக்கிறது.

யார் அந்த ஓட்டையைப் போட்டவன்? அவன் கையில் ஒரு நாள் கூட டிரில் இருந்திருக்காதா? சீ.

பெப்ரவரி 14, புதன்

முதலாளிக்குப் போன் எடுத்தேன். இந்தக் கொக்கி பெரிய வண்டிக்கு உரியது, பதினெட்டு வருஷத்துக் கெப்புக்கு ஆகாது, கழற்றுங்கள், டிரெய்லர் பாரத்தைக் குறையுங்கள், வெடித்த துண்டை வெட்டி எடுத்து முறையாகச் செய்ய ஒரு கிழமை வண்டி இங்கே நிற்கட்டும் என்று சொன்னேன்.

"ஒரு கிழமையா? என்னா பாஸ் வெளயாடுறீங்களா? நாளைக்கு ஜேர்மன்காரங்க ஆறு பேரு வர்றாங்க. ஒட்டிக் குடுங்க போதும்."

ஒட்டிக் கொடுத்தேன்.

துருவைச் சுரண்டி, வெடிப்பைக் கொஞ்சம் கோதிவிட்டு, இரண்டு வெல்டிங் ராட் எரித்து ஒட்டினேன். அடிவிளிம்பில் குறுக்கே ஒட்டக்கூடாது. ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே இரும்பு சூட்டில் நொறுங்கலாகிவிடும். இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்த விஷயம். தெரிந்துதான் ஒட்டினேன். மாப்பிள்ளை பக்கத்தில் குந்தி டோர்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தாங்குமா மச்சான்?"

"பள்ளத்துல எறங்க முன்னாடி அந்தச் சங்கிலியக் கழட்டி விடுங்க மாப்ள. மெதுவா எறக்குங்க."

தாங்கும் என்றும் சொல்லவில்லை, தாங்காது என்றும் சொல்லவில்லை. பிறகு கறுப்புப் பெயின்ட் அடித்தேன். அதை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் அடித்தேன். எதற்கு?

பெப்ரவரி 22, வியாழன்

வேலை அதிகம். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 3, ஞாயிறு

தங்கை மகளுக்குப் பிறந்தநாள். என் பெண்சாதி பிரேமினியும் நானும் பஸ் ஏறி உடப்புசல்லாவை போய் வந்தோம். கேக் வெட்டியதும் மாப்பிள்ளை முகாமைக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போனார். போயிருக்கக்கூடாது.

தோட்டத் தொழிலாளிகள் குடியிருந்த ஆறு காம்பராப் பழைய லயம் ஒன்றைச் சுண்ணாம்பு அடித்துப் பயணிகளுக்கு விடுகிறார் நல்லமுத்து. தகரக்கூரை, புகைக் கரி, எல்லாம் அப்படியே. தரைக்கு மட்டும் மாபிள். சாப்பாட்டுக்கு ரொட்டியும் இடிசம்பலும், இரும்புத் தட்டில். வெளியில் அழகம்மா என்று ஒரு வயதான அம்மா, முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்துவிட்டுப் பென்சன் போனவர், தலையில் கூடைப் பட்டியை மாட்டிக்கொண்டு நிற்கிறார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள்.

"கால் வலிக்கலையாம்மா?" என்று கேட்டேன்.

"பறிக்கிறப்ப ஒருத்தனும் படம் புடிக்கல. இப்ப வெறுங்கூடையோட நின்னா புடிக்கிறானுக" என்றார். சிரிக்கவில்லை.

நல்லமுத்துவும் லயத்தில் பிறந்தவர்தான். இதே மாதிரிக் காம்பராவில்தான் அவருடைய அம்மா அவரைப் பெற்றிருப்பார்.

அதற்குள் டிரெய்லரோடு கெப்பை உள்ளே எடுக்கச் சொன்னார்கள். வாசலில் பாதையை அறுத்துக்கொண்டு ஒரு கான். மழைத்தண்ணீர் ஓட வெட்டியது, முழங்கால் ஆழம் இருக்கும். முன்சக்கரம் இறங்கி ஏறியது. பின்சக்கரம் இறங்கும்போது அந்த உருக்குச் சட்டங்கள் இரண்டும் வில் மாதிரி வளைந்தன. செசி முனகியது. ஆமாம், முனகியது. கேட்டேன்.

"சங்கிலியக் கழட்டிட்டு எறக்கச் சொன்னேன்ல மாப்ள?"

"கழட்டிப் பூட்ட கால் மணி ஆகுது மச்சான். ஆளுங்க பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. மொதலாளி கத்துறாரு."

திரும்பும்போது பஸ்ஸில் பிரேமினி கேட்டாள்: "ஏங்க, மொகம் ஏன் அப்பிடி இருக்கு?" வயிறு சரியில்லை என்றேன்.

மார்ச் 19, செவ்வாய்

நினைத்ததுதான். கெப் திரும்பவும் வந்துவிட்டது. என் ஒட்டு அப்படியே இருக்கிறது. அதற்கு ஒரு விரல் தள்ளிப் புது வெடிப்பு. அடிவிளிம்பைக் கடந்து பக்கத்தில் பாதி உயரத்துக்கு ஏறிவிட்டது. வலது பக்கத்திலும் தொடங்கியிருக்கிறது.

முடியாது என்று சொல்லிவிட்டேன். போனில் ஏழெட்டுப் படம் எடுத்துக்கொண்டேன்.

"மாப்ள, இத எடுத்துக்கிட்டு ரோட்டுக்குப் போகாதீங்க. டிரெய்லர் தனியாப் போயிரும்."

அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

மார்ச் 20, புதன்

முதலாளியே வந்தார். வெள்ளைச் சட்டை, வாசனை. அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என் தோளில் கை போட்டார்.

"பாஸ், நம்ம சனம் முன்னுக்கு வர்றது எவனுக்கும் புடிக்கல. நீங்களும் இப்பிடிப் பண்ணலாமா? ஏப்ரல் சீசன். ரூம் எல்லாம் புக்கிங். புது வண்டி எறக்குமதியே இல்ல, எங்க போயி வாங்குறது? தகடு வச்சு ஒட்டுங்க. சீசன் முடியட்டும், நானே செசிய மாத்துறேன்."

"அந்தக் கொக்கியக் கழட்டுவீங்களா?"

"கழட்டிருவோம். அதுக்கென்ன."

அப்போதும் முடியாது என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளையைப் பார்த்து, "மூர்த்தி, ஒம் மச்சான் ஒட்டலைன்னா எனக்கு ஓடாத வண்டி. ஓடாத வண்டிக்கு டிரைவர் எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே.

அவர் போன பிறகு மாப்பிள்ளை வெடித்துவிட்டார். "ஒங்களுக்குச் சொல்றதுக்கு லேசு மச்சான்! ஒங்க தங்கச்சிய மறுபடி மலைக்கு அனுப்பவா? அட்டைக் கடியில கொழுந்து எடுக்க அனுப்பவா? சொல்லுங்க!"

தகடு வைத்தேன். இரண்டு பக்கமும். மேலே ஒட்டி, உரசி, கறுப்பு அடித்தேன். இந்த முறை மாப்பிள்ளை டோர்ச் பிடிக்கவில்லை. ரோட்டில் முதுகு காட்டி நின்றார்.

என் தங்கையின் சாப்பாட்டுக்காகத்தானே செய்தேன்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கை தோளிலிருந்து விலகியபோது எனக்கு உள்ளே ஒரு பயம் வந்ததே, பெரிய மனிதன் கோபித்துக்கொண்டானே என்று. அது தங்கைக்காகவா? தூ.

ஏப்ரல் 10, புதன்

பகல் பன்னிரண்டு மணிக்கு கெப் டிரெய்லரோடு என் கராஜைத் தாண்டிப் போனது. கொக்கி அப்படியே இருக்கிறது. சங்கிலி வீணைத் தந்தி மாதிரி இறுக்கம். மாப்பிள்ளை ஹோர்ன் அடித்தார், கை காட்டினார். நானும் கையில் ஸ்பேனரோடு கை காட்டினேன்.

ஓடிப் போய் மறித்திருக்கலாம். ரோடு பத்தடி தூரம்.

ஏப்ரல் 20, சனி

எப்படி எழுதுவது.

பதினொரு மணியிருக்கும். பக்கத்து உதிரிப்பாகக் கடை அஸ்ஹர் நானா ஓடி வந்தார். "ஜீவராஜ், ஒங்கட மச்சான்ட வண்டி. கீழ, பொல்பிட்டிய ரோட் பிரியுற வளைவுக்குக் கிட்ட." அவருடைய பைக்கில்தான் போனோம்.

மதகில் இறங்கி ஏறும் இடத்தில் செசி ஒடிந்திருக்கிறது. கொக்கி பூட்டியிருந்த வால்துண்டு முழுவதும் பிய்ந்து டிரெய்லரோடு போய்விட்டது. கொக்கி விட்டால் டிரெய்லரைப் பிடித்து நிறுத்துகிற பாதுகாப்புச் சங்கிலியும் அதே துண்டில்தான் பூட்டியிருந்தது. அது எதைப் பாதுகாக்கும்? டிரெய்லர் தனியாக உருண்டு, ரோட்டைக் கடந்து, ஓரத்தில் அன்னாசி வெட்டி விற்கிற கொட்டிலில் ஏறிவிட்டது. கொட்டிலில் இருந்தது மீனம்மா. தினமும் நான் வீட்டுக்குப் போகிற வழியில் பார்க்கிற மனுஷி. டிரெய்லரைப் பத்துப் பேர் தூக்கித்தான் அடியில் சிக்கிய காலை வெளியே எடுத்தார்கள்.

கெப் மதிலில் மோதி நின்றிருந்தது. மாப்பிள்ளைக்கு நெஞ்சில் அடி, நெற்றியில் இரத்தம். வெள்ளைக்காரப் புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை.

இதையும் எழுதத்தான் வேண்டும். வேறு யாருக்கும் சொல்ல மாட்டேன், இங்கேயாவது எழுது. மீனம்மாவை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அங்கே. நான் கெப்புக்குப் பின்னால் போனேன். ஒடிந்த முனையைப் பார்த்தேன். என் தகட்டின் ஓரத்தில்தான் ஒடிந்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு கறுத்துத் துருவேறிய பழைய வெடிப்பு, மிச்சம்தான் பளபளவென்று இன்றைக்குப் பிய்ந்தது. பார்க்கத் தெரிந்தவனுக்கு ஒரு பார்வை போதும்.

அன்னாசிக் கொட்டில் சாக்கு ஒன்று ரோட்டில் கிடந்தது. அதை எடுத்து அந்த முனைமேல் போட்டு மூடினேன்.

அந்த மனுஷி அலறிக்கொண்டிருக்கும்போது. மூடினேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மாப்பிள்ளையை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கைது செய்துவிட்டார்கள். கவனயீனமாக ஓட்டியதாம். அதிவேகமாம். குடிக்கவில்லை என்று ஊதிக் காட்டிவிட்டார், இல்லாவிட்டால் அதையும் சேர்த்திருப்பார்கள்.

மத்தியானம் நல்லமுத்து கராஜுக்கு வந்தார். கதவைப் பாதி சாத்திவிட்டுப் பேசினார்.

"மூர்த்திதான் வேகமா ஓட்டிட்டான். நான் பொலிஸ்ல அப்பிடித்தான் குடுத்திருக்கேன். பாஸ், ஒங்ககிட்ட வண்டி வரவே இல்ல. சரியா? வந்துச்சுன்னா ஒட்டுனது யாருன்னு கேப்பாங்க. ஒங்களுக்குத்தான் கஷ்டம். மூர்த்திய நான் வெளிய எடுக்கிறேன், வக்கீல் பேசியாச்சு."

நான் தலையாட்டினேன்.

அவர் போன பிறகு வெளியே வந்து கானோரம் வாந்தி எடுத்தேன். அவர் மேல் வந்த குமட்டல் என்று நினைத்தேன். இல்லை. அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்குத்தான் வாந்தி.

ஏப்ரல் 24, புதன்

மாப்பிள்ளையை விளக்கமறியலில் வைத்துவிட்டார்கள். முதலாளி சொன்ன வக்கீல் நீதிமன்றத்துக்கு வரவேயில்லை.

தங்கை வந்திருந்தாள். பிரேமினி ஊற்றிக் கொடுத்த பிளேன்டீயைத் தொடாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, அவரு வேகமா ஓட்டுற ஆளா? நீயே சொல்லு. பிள்ளைய ஏத்திக்கிட்டுப் போனா ஆமை மாதிரிப் போவாரு. வண்டியில என்னமோ கோளாறுன்னு சொல்றாரு. ஒங்கிட்ட கேக்கச் சொன்னாரு. ஒனக்கு ஏதாச்சும் தெரியுமாண்ணே?"

மாப்பிள்ளை நான் ஒட்டியதைச் சொல்லவில்லை. பொலிஸில் மட்டுமில்லை, சொந்தப் பெண்சாதியிடமும். உள்ளே கிடக்கிறார், என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது லெட்சுமி" என்றேன்.

இதை எழுதும் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மீனம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மகள் லோஜினி பக்கத்தில் இருந்தது. கண்டியில் துணிக்கடையில் வேலை, லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறது.

நான் யார் என்று மீனம்மாவுக்குத் தெரியும். கராஜ்காரத் தம்பி.

"வா தம்பி. ஒக்காரு. அந்த டிரைவருக்கு இப்ப எப்பிடி இருக்கு? பாவம், கத்திக்கிட்டே ஓடியாந்தான், நெத்தியில ரத்தத்தோட. வண்டி என்னத்துக்குத் தம்பி அப்பிடிப் பிச்சுக்கிச்சு? நீங்க வண்டி வேல செய்யிற ஆளு, ஒங்களுக்குத் தெரியும்ல?"

கேட்டது குற்றம் சாட்டுவதற்கு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. எதனால் கால் போனது என்று தெரியாமல் கட்டிலில் கிடப்பது எப்படி இருக்கும்?

"பழைய வண்டிம்மா" என்றேன்.

லோஜினி என்னை நிமிர்ந்து பார்த்தது. அவ்வளவுதான். நான் கொண்டு போன தோடம்பழத்தை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்னாசி விற்ற மனுஷிக்குப் பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன். என்ன பிறவி நான்?

மே 2, வியாழன்

அஸ்ஹர் நானா சொன்னார்: நல்லமுத்து வண்டியைப் பொலிஸிலிருந்து விடுவிக்கக் கடதாசி போட்டிருக்கிறாராம். மோட்டார் பரிசோதகர் பிரேக்கையும் டயரையும் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். திங்கட்கிழமை வண்டி பழைய இரும்புக்குப் போகிறது. வெட்டி உருக்கிவிட்டால் முடிந்தது.

"ஒங்களுக்கும் அது நல்லம்தானே" என்றார் நானா. அவருக்குத் தெரியும். அவர் கடையிலிருந்து ராட் பெட்டி வாங்கியது நான்தானே. பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லமா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியாது ஜீவராஜ்" என்றார்.

இரும்பு உருகிப் போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம் இல்லை, பொழுது சாயும் வரைக்கும் நினைத்தேன்.

மே 3, வெள்ளி

காலையில் பிரேமினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெப்ரவரியிலிருந்து. சாக்கு போட்டு மூடியதையும்.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, "சட்டையை மாத்திக்கிட்டுப் போங்க. கிறீஸ் சட்டையோட போகாதீங்க" என்றாள்.

பொலிஸில் ஒரு சார்ஜன்ட். போனில் இருந்த படங்களைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். ஒட்டியது நான்தான், இரண்டு முறை, முதலாளிக்குச் சொன்னேன், முதலாளி கேட்கவில்லை, நானும் நிறுத்தவில்லை. அவர் படங்களைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார்.

"எய் தென் என்னே?" என்றார். ஏன் இப்போது வருகிறாய் என்று.

பயம் என்று சொல்ல அவர் மொழியில் எனக்குச் சொல் தெரியும். ஆனால் வாயில் வரவில்லை.

வாக்குமூலம் எழுத மூன்று மணித்தியாலம்.

மே 6, திங்கள்

வண்டியை இரும்புக்கு விடவில்லை. பரிசோதகர் மறுபடி வந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பொலிஸ் முற்றத்தில் கெப்பும் அந்த வால்துண்டும் மழையில் கிடந்தன.

பரிசோதகர் கறுப்புப் பெயின்டை ஒரு சுரண்டியால் எடுத்தார். ஒட்டு வெளியே வந்தது. ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு கையோட்டம் உண்டு; நான் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து ஓட்டுவேன். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான்.

"இது ஒங்கட வேலையா?" தமிழ் தெரிந்த மனிதர்.

"ஆமாங்க."

"இப்பிடிக் குறுக்கே ஒட்டக்கூடாதுன்னு தெரியுமா?"

"தெரியுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கொப்பியில் குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். எரித்த ஓட்டையை அளந்தார். கொக்கியின் சங்கிலியை எண்ணினார், எத்தனையாவது கண்ணியில் மாட்டியிருந்தார்கள் என்று பார்த்தார். அந்தக் கொக்கிக்கு இந்த வண்டி பாதி வண்டி என்றார். ஒரு மனிதன் தன் வேலையை ஒழுங்காகச் செய்வதைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது.

மே 17, வெள்ளி

மாப்பிள்ளைக்குப் பிணை கிடைத்தது. சந்தேகநபர்கள் இப்போது மூன்று பேர்: நல்லமுத்து, நான், மாப்பிள்ளை. எனக்கும் பிணைதான். நல்லமுத்துவைப் பிடிக்கப் போனபோது நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். தனி அறை. படுக்கட்டும். அந்த நெஞ்சில் வலிக்க என்ன இருக்கிறது?

நீதிமன்ற வாசலில் தங்கை என் முன்னால் வந்து நின்றாள். அறைவாள் என்று நினைத்தேன்.

"இருபத்தேழு நாளு அண்ணே. ஒனக்குத் தெரிஞ்சிருந்தும் இருபத்தேழு நாளு அவரு உள்ள கெடந்தாரு. என் கண்ணப் பார்த்துப் பொய் சொன்ன."

மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். என்னைப் பார்க்கவில்லை. முகம் ஒடுங்கிப் போயிருந்தது.

மே 19, ஞாயிறு

மீனம்மாவிடம் போய்ச் சொன்னேன். எதனால் பிய்ந்தது, யார் ஒட்டியது, எல்லாம். லோஜினி எழுந்து வெளியே போய்விட்டது. மீனம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. அரை மணி உட்கார்ந்திருந்தேன். திரும்பவே இல்லை. வந்துவிட்டேன்.

மன்னிப்பு கேட்டேனா? கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. கேட்டால் கொடுக்கவேண்டிய பாரம் அந்த மனுஷி தலையில் ஏறுகிறது.

ஜூன் 11, செவ்வாய்

மழை. இரண்டு நாளாக வண்டியே வரவில்லை. இவன் பொலிஸுக்குப் போகிறவன் என்று சொல்கிறார்களாம். ஒட்டினதைச் சொல்வதில்லை, போனதைத்தான் சொல்கிறார்கள்.

ஜூன் 27, வியாழன்

லொறிக்காரன் ஒருவன் செசியில் வெடிப்போடு வந்தான். ஒட்டமாட்டேன் என்றேன். ஏசிவிட்டு அட்டன் பக்கம் போனான். அங்கே யாராவது ஒட்டிக் கொடுத்திருப்பான். பெயின்டும் அடித்திருப்பான். லொறி இலக்கத்தையும் படத்தையும் பரிசோதகருக்கு அனுப்பினேன். என்ன செய்தார் தெரியவில்லை.

ஜூலை 15, திங்கள்

காலை ஆறரைக்கு கராஜ் திறக்கும்போது வெளியே ஒரு பள்ளிக்கூட வேன் நின்றது. டிரைவர் சீட்டில் மாப்பிள்ளை. இரண்டு மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன். மர்சூக் முதலாளியின் வேன். முகாம் வேலை போனதும் இந்தப் பக்கம் குடிவந்து, இரண்டு கிழமையாக இவர்தான் ஓட்டுகிறாராம். தங்கை சொல்லவில்லை, அவள் இன்னும் பேசுவதில்லை. அஸ்ஹர் நானா சொல்லித்தான் தெரியும்.

இறங்கினார். என் முகத்தைப் பார்க்காமல், "ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குது. ஏழு மணிக்குப் பிள்ளைங்கள ஏத்தணும்" என்றார். மச்சான் என்று கூப்பிடவில்லை.

ஜாக்கி போட்டு முன்சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். இடது பக்கக் கீழ் மூட்டு கழன்று ஆடுகிறது. ஒரு பெரிய குழியில் விழுந்தால் சக்கரம் மடங்கிவிடும்.

"எடுக்க முடியாதுங்க. சாமான் அட்டன்லேருந்து வரணும். நாளைக்குத்தான்."

அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஈரத்தரையில் படுத்து, வேனின் அடியில் நகர்ந்து போனார். போன் டோர்ச்சை வைத்துக்கொண்டு அந்த மூட்டைத் தானே பிடித்து ஆட்டினார். விட்டார். மறுபடி ஆட்டினார். எனக்கு முன்னால் என் சொல்லைச் சரிபார்க்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. நானாயிருந்தாலும் பார்த்திருப்பேன்.

வெளியே வந்து கையைத் துடைத்தார். போன் எடுத்தார்.

"மொதலாளி, வேன் இன்னைக்கு வராது. … இல்லங்க, ஓடாது. … பெத்தவங்களுக்கு நானே சொல்லிர்றேன். … நீங்க ஏசுங்க மொதலாளி, ஆனா வராது."

மர்சூக்கின் சத்தம் எனக்கே கேட்டது. மாப்பிள்ளை போனைக் கொஞ்சம் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, முழுவதையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் வைத்தார். பிறகு ஒவ்வொரு வீடாக எடுத்து, இன்றைக்குப் பிள்ளையைப் பஸ்ஸில் அனுப்புங்கள் என்று சொல்லத் தொடங்கினார்.

பதினான்கு வீடுகள். அவர் பேசி முடிக்கும் முன்பே நான் சக்கரத்தைக் கழற்றிவிட்டேன்.